காரின் பிரேக் செலவைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக். டிஸ்க் தட்டைக் கவ்வி நிறுத்துவது பேட், டிரம்மின் உள்சுவரில் உராய்ந்து நிறுத்துவது லைனிங். கீழே உள்ள பதில்கள் அந்தக் கார்களை மனதில் வைத்து எழுதியவை. விலைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும். பிரேக்கில் காசு மிச்சமாவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: மலிவான சாமான் தேயும்போதே கண்டுபிடித்து மாற்றிவிட்டால், பக்கத்தில் இருக்கும் விலை உயர்ந்த சாமானை அது கெடுக்காது.

முன் பேட் எத்தனை கிலோமீட்டர் வரும்?

30,000 முதல் 50,000 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அது ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது. தினமும் கிண்டி, வடபழனி என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற காருக்கு 25,000-லேயே தேய்ந்துவிடலாம். பெரும்பாலும் திருச்சி நெடுஞ்சாலையில் ஓடுகிற காருக்கு அதைப்போல இரண்டு மடங்கு வரலாம். பின் டிரம்மில் உள்ள லைனிங் இன்னும் நீண்ட நாள் உழைக்கும். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே.

ஆகவே கிலோமீட்டர் கணக்கை மட்டும் காட்டி “மாத்திடலாம் சார்” என்று யார் சொன்னாலும், கனம் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். புதுப் பேட்டில் உராயும் பகுதி 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். 5 அல்லது 6 இருந்தால் பேசாமல் அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாம்.

அந்தக் கனத்தை நானே பார்க்க முடியுமா?

அலாய் வீல் என்றால் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றாமலே பார்க்கலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, செல்போன் டார்ச்சை ஸ்போக் இடைவெளியில் அடித்தால், டிஸ்க் தட்டை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருக்கும் பேட் தெரியும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, அதன் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள். வெளிப்பக்கப் பேட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பேட்டை டிஸ்கோடு அழுத்தும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். அது நகர்ந்து கொடுக்கும் உலோக ஊசிகளான பின்கள் இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் சீக்கிரம் தேயும். வெளியே 6 இருக்க உள்ளே 2 இருப்பது அபூர்வமே அல்ல. இரும்பு ரிம்மும் வீல் கப்பும் உள்ள கார்களில் சுலபமாகத் தெரியாது. பஞ்சர் கடையிலோ அலைன்மென்ட்டுக்கோ சக்கரத்தைக் கழற்றும்போது எட்டிப் பார்த்துவிடுங்கள், அதற்குத் தனி லேபர் கிடையாது.

‘கீச்’ என்று சத்தம் வந்தாலே பேட் போய்விட்டதா?

இல்லை. மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் வரும் கரகரப்பு, டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துரு. தானே போய்விடும். பெசன்ட் நகர், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ஒரே மாதிரி மெல்லிய கீச்சொலி வந்தால், பேட்டில் எச்சரிக்கைக்காக வைத்திருக்கும் சிறிய உலோக நாக்கு டிஸ்கைத் தொடுகிறது என்று பொருள். அப்போது உங்கள் கையில் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அந்தக் கீச்சொலி ‘கர்ர்’ என்று இரும்போடு இரும்பு உராயும் சத்தமாக மாறிவிட்டால் அவகாசம் முடிந்தது. அதன் பிறகு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் டிஸ்கைச் சுரண்டுகிறது.

பேட் மாற்றும்போது டிஸ்கையும் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

அதிகப் பணம் கைமாறும் இடம் இதுதான். சிறிய காருக்கு முன் பேட் செட் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை இருக்கும். டிஸ்க் ஜோடி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும். லேபர் தனி.

டிஸ்கை மாற்றலாமா வேண்டாமா என்பது அளந்து முடிவு செய்கிற விஷயம். ஒவ்வொரு டிஸ்கிலும், ஓரத்திலோ நடுப்பகுதியிலோ, குறைந்தபட்சக் கனம் ‘MIN’ என்ற ஆங்கில அடையாளத்தோடு மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். துருப்பிடித்துத் தெரியாவிட்டால் அந்த மாடலின் சர்வீஸ் குறிப்பில் இருக்கும். மெக்கானிக்கிடம் வெர்னியரோ மைக்ரோமீட்டரோ வைத்து உங்கள் கண்ணெதிரில் அளக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பைச் சேர்த்து அளந்தால் கனம் அதிகமாகக் காட்டும், ஆகவே உராயும் பரப்பில் அளக்க வேண்டும். அளவு அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தால் வாதாடாமல் மாற்றுங்கள். மேலே நல்ல இடைவெளி இருந்து, மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால் புதுப் பேட் மட்டும் போதும்.

நடுவில் ஒரு நிலை உண்டு. கனம் இருக்கிறது, ஆனால் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது, பெடல் துடிக்கிறது. அதற்கு லேத் பட்டறையில் டிஸ்கைச் சீவலாம், ‘ஸ்கிம்மிங்’ என்பார்கள். புது டிஸ்கோடு ஒப்பிட்டால் சிறு தொகை. சீவிய பிறகும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேலே நிற்குமா என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் லேத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சீவ வேண்டும். இந்த ஆட்டத்துக்குப் பல நேரம் காரணம், பஞ்சர் கடையில் வீல் நட்டை ஏர் கன்னால் கண்டபடி இறுக்குவது. கையால் குறுக்கும் நெடுக்குமாக ஒரே அளவில் இறுக்கச் சொன்னால் இந்தச் செலவே வராமல் போகலாம்.

வெடிப்பு, நீலம் பாய்ந்த திட்டுகள், விரல் நகம் மாட்டும் ஆழமான பள்ளம் என்றால் லேத்துக்குக் கொண்டுபோவது வீண்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மாற்றலாமா?

கூடாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன்னால் என்றால் இடமும் வலமும் சேர்த்து. அதே நேரம் முன்பேட் மாற்றுவதால் பின் லைனிங்கையும் மாற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. “நாலு சக்கரமும் ஒண்ணா பண்ணிடலாம்” என்பதற்கு, பின் டிரம்மைக் கழற்றி லைனிங் கனத்தைக் காட்டச் சொல்வதே பதில். சுத்தம் செய்து அட்ஜஸ்ட் பண்ணினாலே போதும் என்ற நிலையில் அது இருக்கும், பல வண்டிகளில்.

கம்பெனி சாமானா, வெளிச் சாமானா?

கார் கம்பெனி முத்திரையோடு வரும் பெட்டியில் உள்ள பேட்டைப் பெரும்பாலும் வேறொரு நிறுவனம்தான் செய்கிறது. பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா, ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் பிரிவு என்று சென்னையிலேயே இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பேட் பொதுவாகக் கம்பெனிப் பெட்டியைவிட விலை குறைவு, தரத்தில் பயமில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உங்கள் ஊர் ஸ்பேர் கடையிலோ ஆர்சி புத்தகத்தில் உள்ள மாடலையும் ஆண்டையும் சொல்லி விலை விசாரித்துவிட்டு அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஆபத்து போலிகளில் இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத பேட் சூடானால் பிடிக்காது, இல்லையென்றால் கல்லாக இறுகி டிஸ்கை அரைக்கும். பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த தேதி, ஹாலோகிராம் அல்லது ஸ்கேன் குறியீடு பாருங்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தரத் தயங்கும் கடையில் பிரேக் சாமான் வாங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்கு முன்பு பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய எம்ஆர்பி ஒட்டிய பெட்டி வந்தால் பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் உள்ள பழைய உதிரி பாகச் சந்தை? கண்ணாடி, கதவுப் பிடி, சீட், பம்பர் என்றால் தாராளமாகப் போகலாம், பேரம் தெரிந்தவருக்கு அது சொர்க்கம். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே பழையதாக வாங்காதீர்கள்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடுமா?

பேட், லைனிங், வைப்பர் போன்ற தேயும் பொருள்களுக்குப் பொதுவாக வாரண்டியே கிடையாது. ஆகவே அவற்றை வெளியே மாற்றுவதால் இழப்பது குறைவு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,500 கோடிக்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததும், வெளியே பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போட்டதும் அந்த உத்தரவில் கண்டிக்கப்பட்டன. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை.

நடைமுறையில் என் யோசனை: வாரண்டி முடியும் வரை ஆயில் சர்வீஸை, குறிப்பேட்டில் முத்திரை விழும்படி, கம்பெனியிலேயே செய்யுங்கள். பிரேக், டயர், பேட்டரி போன்றவற்றை நம்பகமான வெளி மெக்கானிக்கிடம் பில்லோடு செய்யுங்கள். நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. கழற்றிய பழைய பேட்டை நீங்கள் கேட்காமலே கையில் கொடுப்பார். டிரம்மில் உள்ள தூசியை ஏர் அடித்துப் பறக்கவிட மாட்டார், ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைப்பார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு, அந்தத் தூசி அவருடைய நுரையீரலுக்குத்தான் முதலில் போகும்.

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஊற்றினால் போதுமா?

ஊற்றுவதற்கு முன் பேட்டைப் பாருங்கள். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். டப்பாவில் மட்டம் மெல்லக் குறைவது பெரும்பாலும் அதனால்தான். பேட் நன்றாக இருந்தும் மட்டம் குறைந்தால் எங்கோ கசிகிறது. பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால், டிரம்முக்குள் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. அதை ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டுவது மிச்சம் அல்ல, உயிரோடு விளையாட்டு.

பலர் மறந்துவிடுவது, ஆயிலுக்கும் வயது உண்டு என்பதை. டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தின்படி புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, 155. ஈரம் உள்ளேயிருந்து சிலிண்டரையும் துருப்பிடிக்க வைக்கும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். அரை லிட்டர் டப்பா சில நூறு ரூபாய். பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் அதைப்போலப் பல மடங்கு.

காரில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் குடும்பம். திறந்து பல மாதம் பரணில் கிடந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குகிறது, அல்லது மெல்லக் கீழே இறங்குகிறது.

முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் லைனில் காற்று, ஏர் எடுத்தால் சரியாகும். காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் போயிருக்கலாம். இரண்டிலுமே வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் சாலை உதவி இருக்கிறது, இழுத்துச் செல்லும் செலவு அதில் அடங்கும்.

மலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார்களே?

கார்புரேட்டர் காலத்துப் பேச்சு இது. இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜின்களில், கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சரிவில் சக்கரமே என்ஜினைச் சுற்றும். கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் தானாக ஓட வேண்டும் என்பதால் அப்போதுதான் பெட்ரோல் செலவாகும்! கூடவே வண்டியின் முழு எடையும் பிரேக்கின் தலையில் விழும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. அங்கே பெடலில் காலை வைத்தபடியே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். மேலும் சூடேறினால் பழைய ஆயில் கொதித்து லைனில் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மலைக்குப் போகுமுன் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், செங்குத்து என்றால் இரண்டு அல்லது ஒன்று. வேகம் ஏறும்போது கொஞ்ச நேரம் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாகத் தொட்டபடியே போவதுதான் கெடுதல். ஏஎம்டி அல்லது ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்கோ கீழ் கியருக்கோ மாற்றுங்கள். எரிந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆற விடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளலாம், விரிசல் விடவும் செய்யலாம்.

ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொள்கிறது.

மழையில் நனைந்த காரை ஹேண்ட்பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால், லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நீண்ட நாள் நிறுத்துவதென்றால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம். ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விடாவிட்டால் டிரம்மைத் தட்டிக் கழற்ற வேண்டும்.

பேட்டை நானே மாற்றலாமா?

கைப்பழக்கம் உள்ளவருக்கு முன் பேட் பெரிய வேலை இல்லை. ஆனால் இதில் மிச்சமாவது சில நூறு ரூபாய் லேபர்தான். முதல்முறை செய்கிறீர்கள் என்றால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும், அதை நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வேண்டும். காலிப்பரை ஆயில் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டி வையுங்கள். பின்களுக்குப் பிரேக்குக்கு என்றே விற்கும் கிரீஸ் போடுங்கள். முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராமல் கியர் போட்டால் முதல் முறை பெடல் தரைக்குப் போகும், எதிரே சுவர் இருக்கும். புதுப் பேட் பதியும் வரை சில நூறு கிலோமீட்டர் திடீர் பிரேக்கைத் தவிருங்கள்.

டிரம் பிரேக்கை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அந்த ஸ்பிரிங்குகளை வரிசை மாறாமல் மாட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். ஸ்கேன் செய்தபோது வந்த பிழைக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சக்கரத்தில் உள்ள சென்சாரில் அழுக்கோ, எலி கடித்த ஒயரோதான். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் மழையில் சக்கரம் வழுக்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள்.

சர்வீஸ் பில்லில் எதை வேண்டாம் என்று சொல்லலாம்?

போனில் அவசரமாகக் கேட்பார்கள், நாமும் ஆபீஸ் வேலைக்கு நடுவில் “சரி, பண்ணுங்க” என்போம். பில்லில் பாதி அங்கேதான் ஏறுகிறது. என்ஜின் டீகார்பனைசிங், ஆயிலில் கலக்கும் அடிட்டிவ், டீசல் அல்லது பெட்ரோல் சிஸ்டம் கிளீனர், உள்ளறை வாசனை டிரீட்மென்ட், சக்கரம் நேராக ஓடும்போதும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் அலைன்மென்ட்: கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாத எதற்கும், காரணம் காட்டாமல் சம்மதிக்க வேண்டாம். பின் பிரேக்கைச் சுத்தம் செய்து அட்ஜஸ்ட் பண்ணுவதை மட்டும் வெட்டாதீர்கள், அது உண்மையிலேயே வேலை. காரை விடும்போதே ஜாப் கார்டில் “கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது” என்று எழுத வையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை எவை?

ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், வைப்பர் பிளேடு. பல மாடல்களில் கேபின் ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுத் துடையுங்கள். கூலண்ட் மட்டம் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். என்ஜின் ஆயிலின் கெட்டித்தன்மைக்குக் கையேடு 5டபிள்யூ-30 என்றால் அதுதான். “நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது” என்ற அறிவுரைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

டயருக்கு மாதம் ஒருமுறை, ஓட்டிச் சூடாவதற்கு முன், டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும். நைட்ரஜனுக்குக் காசு கேட்டால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். டிரெட் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயர் சட்டப்படியும் முடிந்தது. மொட்டை டயரில் எவ்வளவு புதுப் பேட் போட்டும் பயனில்லை.

வெள்ளத்தில் நின்ற காரின் பிரேக்?

2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பலர் செய்தது, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தது. என்ஜின் அங்கேதான் போனது. ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். டிரம்களைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, பிரேக் ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து வந்தீர்கள் என்றால் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி லைனிங்கைக் காய வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பில், ஜாப் கார்டு, பழைய சாமானின் படம் மூன்றையும் வைத்து முதலில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

காரை விற்கப் போகிறேன். இப்போது பிரேக்குக்குச் செலவு செய்யலாமா?

பேட் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தொட வேண்டாம். அதற்குக் கீழே என்றால் மாற்றிவிட்டுப் பில்லைக் காட்டுங்கள். வாங்க வருபவர் கூட்டி வரும் மெக்கானிக் தேய்ந்த பேட்டைச் சாக்காக வைத்து, பேட்டின் விலையைவிட அதிகமாகத்தான் குறைத்துக் கேட்பார். டிஸ்க் சீவுவது, புது டிரம் போடுவது எல்லாம் இந்த நேரத்தில் வேண்டாம், அந்தப் பணம் விலையில் திரும்பி வராது. சத்தமோ ஆட்டமோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.